மேல மூணு அடி டபுள்

என் ஓரகத்தி முப்பிடாதியம்மாளைப் பற்றி மேலகரத்தில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். அதனால் நான் சொல்வதையும் ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது. பதினோரு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே கடையில் அவளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் நான். என்னைவிட அவளை நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது.

கடை என்றால் தார்ப்பாய்க் கடை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், எங்கள் வீட்டின் முன்பக்கம் இருக்கிறது. மாமனார் இசக்கிமணி ஆரம்பித்தது. லாரிகளுக்குத் தார்ப்பாய் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்போம். மாமனாருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் வீரபாகு என் வீட்டுக்காரர், போலீஸில் ஏட்டு. இளையவன் முத்துகுமரன் பட்டாளத்தில் இருக்கிறான். இரண்டு பேருக்குமே தார்ப்பாயைக் கண்டால் அதன்மேல் படுத்துத் தூங்கத்தான் தெரியும். மாமனார் கண்ணை மூடியதும் கடை மருமகள்கள் கைக்கு வந்துவிட்டது.

நான் மூத்தவள், ஆனந்தவள்ளி. முறையாகத் தையல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் தென்காசியில் பாதிப் பெண்களுக்கு நான்தான் ஜாக்கெட் தைத்தேன் என்று சொன்னால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கால்வாசிப் பேருக்குத் தைத்தேன். கடையின் உள்ளறையில் பெரிய மிஷினில் உட்கார்ந்து தைப்பது என் வேலை. வெளியே போய் லாரியை அளந்து வருவது சின்னவள் வேலை. மாமனார் இருக்கும்போதே இப்படித்தான் பிரித்துவிட்டிருந்தார். அதில்தான் எல்லாம் கெட்டது.

முப்பிடாதி பாவூர்சத்திரத்துக்காரி. அவள் அப்பா அங்கே காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினார். பள்ளிக்கூடம் விட்டால் அவளும் சந்தைக்குப் போய்விடுவாளாம். லாரியின் முகத்தைப் பார்த்தே பாடி எத்தனை அடி, கொக்கி எத்தனை என்று சொல்லிவிடுவாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாசம், புருஷனுடைய பழைய பட்டாளத்துச் சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலில் நின்ற லாரிமேல் கிறுகிறுவென்று ஏறினாள். ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நானும் பார்த்தேன். எனக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும்.

மாமனார் அளவெடுப்பது சுலபமாக இருக்கும். பதினேழு அடி நீளம், ஏழடி அகலம், சுற்றிலும் நாலடி தொங்கல், அவ்வளவுதான். சின்னவள் வந்த பிறகு கேள்விமேல் கேள்வி. "என்ன லோடு ஏத்துவிய அண்ணாச்சி? எம்புட்டு உயரம் வரும்? மலை ஏறுவியளா, தூத்துக்குடிப் பக்கமா?" உள்ளி, அதாவது வெங்காய மூட்டைக்குப் பிளாஸ்டிக் பாய் போட்டால் மூச்சு முட்டி வேர்த்து அழுகிவிடும், காற்றுப் போகிற கித்தான் துணிதான் வேண்டும் என்பாள். சிமெண்ட் ஏற்றுகிறவன் கித்தான் கேட்டால் தரமாட்டாள். டிப்பர்காரர்கள் வந்தால், கைப்பிடியைச் சுற்றினால் உருண்டு விரிகிற மாதிரிக் கம்பி வைத்த பாய் எந்த வண்டிக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று குனிந்து சேஸிஸ்வரைக்கும் பார்த்துவிட்டு வருவாள். டேப்பை நம்பமாட்டாள். லோடு ஏற்றிய வண்டிமேல் ஒரு கயிற்றை இந்தக் கொக்கியிலிருந்து அந்தக் கொக்கிக்கு வீசி இழுத்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவாள். மேடு பள்ளம் கயிறுக்குத்தான் தெரியுமாம். அதுவும் உண்மைதான். அவள் கொண்டுவந்த அளவில் நான் தைத்த பாய் ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது.

ஆனால் பேர் யாருக்கு? பந்தியில் சாப்பிடுகிறவன் பரிமாறுகிறவளைத்தானே பார்க்கிறான்? அடுக்களையில் புகையில் வெந்து சோறு வடித்தவளை யார் கேட்டார்கள்? கடை வாசலில் வண்டி நிற்கும். நான் உள்ளேயிருந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே வருவேன். வந்தவன் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்துக் கேட்பான்: "சின்னவுக இல்லியா?"

இந்த ஒரு கேள்வியைப் பதினோரு வருஷம் கேட்டுப்பாருங்கள். பச்சைத் தண்ணீர்கூடக் கசக்கும்.

இந்த வருஷம் வைகாசிக் கடைசியில் செங்கோட்டை மசூது பாய் வந்தார். எட்டு லாரி வைத்திருக்கிறார். பாவூர்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறியும் உள்ளியும் போகிறது. "பாய்க்கே தார்ப்பாயா?" என்று யாராவது கிண்டல் செய்தால் அவரே முதலில் சிரிப்பார். ஆனால் சரக்கு விஷயத்தில் சிரிக்கமாட்டார். மழைக்கு முன்னால் எட்டு வண்டிக்கும் புதுப் பாய் வேண்டும், முதலில் இரண்டு வண்டிக்குத் தைத்துக் கொடுங்கள், அது சரியாக இருந்தால் மீதி ஆறும் உங்களுக்குத்தான் என்றார். இதையெல்லாம் முப்பிடாதியைப் பார்த்துத்தான் சொன்னார். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். "நல்லா இருக்கியளா தங்கச்சி" என்று என்னைக் கேட்டதோடு சரி.

எனக்கு அப்போதே மனசில் ஒன்று விழுந்துவிட்டது. இந்த எட்டு வண்டிப் பாயையாவது ஆனந்தவள்ளி தைத்தாள் என்று அந்த மனுஷன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். நகையா கேட்டேன், நட்டா கேட்டேன்?

முப்பிடாதி சந்தைக்குப் போய் லோடு ஏற்றிய வண்டியை அளந்து, ஒரு சீட்டில் எழுதி மிஷின் டிராயரில் வைத்தாள். வைத்த மறுநாள் முத்துகுமரன் லீவில் வந்துவிட்டான். சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது, ஐந்தருவியில் குளித்துவிட்டு அப்படியே திருச்செந்தூர் போய் இரண்டு நாளில் வருகிறோம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பைக்கில் கிளம்பிப்போனார்கள். அவள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனாள். அருவியில் குளிக்கப் போகிறவளுக்குப் பூ எதற்கு? கேட்டால் பொல்லாப்பு.

அவர்கள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. மசூது பாயின் டிரைவர் ஞானதுரை வந்துவிட்டான்.

"சின்னவுக இல்லியா?"

"இல்ல. என்னன்னு எங்கிட்டயே சொல்லலாம்."

"கொல்லத்துக்கு நாளைக்குச் சாயங்காலம் உள்ளி லோடு போவுது. மழை முன்னாலேயே வந்துட்டுல்லா? ரெண்டு வண்டிப் பாயும் நாளைக்கே வேணும்னு முதலாளி சொல்லுதாவ. சின்னவுக அளவு எடுத்து வச்சிருக்காவளாம்லா."

"நாளைக்கு நாலு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போங்க" என்றேன். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

சீட்டை எடுத்தேன். கித்தான் என்று போட்டிருந்தது. நீளம், அகலம், கயிறு கோக்கிற வளையத்துக்கு வளையம் ஒன்றரை அடி, எல்லாம் தெளிவாக இருந்தது. கடைசி வரி: 'மேல மூணு அடி டபுள்.' அதாவது மூன்றடிக்குத் துணியை இரட்டையாகப் போட்டுத் தைக்க வேண்டும். எங்கே? மேலே. மேலே என்றால் எங்கே? லோடு குவிந்து நிற்கிற முதுகு இருக்கிறதே, மழை நேராக விழுகிற இடம், அதுதான் மேலே. நடு முதுகோடு நீளவாக்கில் மூன்றடி அகலத்துக்கு இரட்டைத் துணி. எனக்கு அப்படித்தான் பட்டது. இருந்தாலும் இதற்கு முன்னால் அப்படி ஒரு பாய் தைத்ததில்லை. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போனைக் கையில் எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவருக்கு ஒரு வாரமாகக் குற்றாலத்தில் சீசன் டூட்டி. வீட்டுக்கு வந்தே நாலு நாள் ஆகியிருந்தது.

"ஏளா, தம்பியும் முப்பிடாதியும் இங்கன வந்திருக்காவ. நல்ல குளியல். குளிர்ல நடுங்கிட்டு நின்னா பாவம், சூடா பஜ்ஜியும் மங்குஸ்தான் பழமும் வாங்கிக் குடுத்தேன்."

"எனக்கு?"

"நீ வீட்டுலல்லா இருக்க" என்றார்.

இருபது வருஷத்தில் அந்த மனுஷன் எனக்கு ஒரு மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்ததில்லை. அருவி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு சீசனுக்காவது 'வாளா, குளிச்சுட்டு வருவோம்' என்று சொன்னதில்லை. அவள் நடுங்கினாளாம், இவர் பாவப்பட்டாராம்! எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறவளைக் கூப்பிட்டு, 'ஏம்மா தாயே, மேலன்னா எது' என்று நான் கேட்க வேண்டுமா? நான் மூத்தவள், தையல் படித்தவள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு தையல் நான் என் ஆயுசில் தைத்ததில்லை. கித்தான் சாதாரணத் துணி இல்லை. எருமைத் தோல் மாதிரி மிஷினுக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். தோளில் தாங்கி, முழங்காலால் தள்ளி, மெழுகு தேய்த்த நூலில் நடுமுதுகோடு இரண்டு பக்கமும் இரட்டைத் தையல் போட்டேன். பதினேழு அடியும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. வளையம் அடித்து முடித்து மறுநாள் வாசலில் விரித்துப் போட்டபோது, எதிர்க்கடைக்காரர்கூட வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார். ஞானதுரை வந்தான். பாயைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! கலியாணப் பந்தல் மாதிரில்லா இருக்கு! சின்னவுக கை சும்மாவா?"

'இது என் கைடா' என்று வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். டிரைவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? மசூது பாயே நேரில் வந்து மெச்சுவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்தது.

மறுநாள் மத்தியானம் முப்பிடாதி வந்து சேர்ந்தாள். திருச்செந்தூர் விபூதியை நெற்றியில் பூசிவிட்டுக் கேட்டாள்: "பாய் வண்டிக்குத் தச்சுக் குடுத்தாச்சாக்கா?"

"ஆச்சு."

"மேல டபுள் போட்டியளா?"

"போடாமலா குடுப்பேன்?"

"சரிக்கா" என்று உள்ளே போய்விட்டாள். அவள் ஒரு மேலயை நினைத்துக்கொண்டு கேட்டாள், நான் ஒரு மேலயை நினைத்துக்கொண்டு பதில் சொன்னேன். எங்கள் ஊர்ப்பேரிலேயே மேல இருக்கிறது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

அடுத்த நாள் காலையில் மசூது பாய் காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு லோடு ஆட்டோ. அதிலிருந்து இரண்டு தார்ப்பாயையும் இழுத்து எங்கள் வாசலில் போட்டார்கள். நனைந்து, சேறாகி, ஒரு ஓரம் முழுக்க நார்நாராகக் கிழிந்திருந்தது. வளையங்கள் துணியோடு பிய்ந்து போயிருந்தன.

"முன்பக்கம் மூணு அடி டபுள் சொன்னேனா இல்லியா?" பாய் சத்தம் போட்டார். "புளியரை தாண்டி வண்டி மலை ஏறும்போது காத்தும் மழையும் மூஞ்சிக்கு நேரா வருது. ஒத்தத் துணி என்ன செய்யும்? டர்ருன்னு கிழிச்சுட்டுப் போயிட்டு. ரெண்டு வண்டியிலயும் முன்னடுக்கு மூட்டை பூரா நனைஞ்சுட்டு. நனைஞ்ச உள்ளியை எவன் எடுப்பான்? கொல்லத்துக்காரன் மூட்டையைத் திருப்பி விட்டுட்டான். முன்னால போடச் சொன்ன துணியை நடுவுல போட்டிருக்கு! இது யார் செஞ்ச வேலை?"

முப்பிடாதி குனிந்து பாயைப் புரட்டினாள். நடுமுதுகில் ஓடுகிற இரட்டைத் துணியைப் பார்த்தாள். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான்தான் பாய்" என்றாள். "அவசரத்துல இடம் மாத்திப் போட்டுட்டேன். என் தப்புதான். ரெண்டையும் நாளைக்கே சரி பண்ணித் தாரேன்."

சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? தலை தப்பியது என்று உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அவளுக்கு அளவுப் பேர் வந்தது, தையல் பேர் வந்தது, அருவி வந்தது, மங்குஸ்தான் வந்தது. இனி தப்பை ஏற்றுக்கொண்ட மகராசி என்கிற பேரும் அவளுக்கா? அதை மட்டும் விட்டுத்தரமாட்டேன்.

"இல்ல பாய்!" என்று கத்தினேன். "அவ ஊர்லயே இல்ல. ரெண்டு பாயையும் நான் ஒத்த ஆளா உக்காந்து தச்சேன். தப்பு என்னுது."

மசூது பாய் என்னைப் பார்த்தார். அவர் கோபம் பாதியாக இறங்கிவிட்டது. கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார்.

"தங்கச்சி, நீங்க நல்ல மனசுக்காரவுக. கூடப்பொறந்தவளுக்குப் பரிஞ்ச மாதிரி அவளுக்குப் பரிஞ்சுட்டு வாரிய. இந்தக் காலத்துல ஓரகத்திக்கு எவ இப்படிப் பொய் சொல்லுவா? ஆனா எனக்குத் தெரியாதா? இம்புட்டுப் பெரிய கித்தானைப் புரட்டித் தைக்க உங்களால ஆவுமா?"

"நான்தான் பாய் தச்சேன்! அந்த மிஷின்ல நான்தான் உக்காருவேன்!"

"சரி சரி, விடுங்க" என்றார், பிள்ளையைச் சமாதானம் செய்கிற மாதிரி. பிறகு முப்பிடாதியிடம் திரும்பினார். "உனக்கு இது முதல் தப்பு. அதனால விடுதேன். ரெண்டையும் சரி பண்ணி, மத்த ஆறு வண்டிக்கும் நீயே அளந்து நீயே தை." காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் அந்தச் சேற்றுப் பாய்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்லது செய்தபோதுதான் நம்பவில்லை, கெட்டது செய்தால்கூடவா நம்பமாட்டான் ஒரு மனுஷன்?

முப்பிடாதி டிராயரிலிருந்து சீட்டை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள்.

"மேலன்னா மேற்குத் திசைக்கா. சந்தையில லோடு ஏத்தும்போது வண்டியெல்லாம் கேரளாவைப் பாத்து மேக்காமதான் நிக்கும். அதனால அங்கன முன்பக்கத்தை மேலன்னுதான் சொல்லுவாவ, பின்பக்கத்தைக் கீழன்னு. பழக்கத்துல அப்படியே எழுதிட்டேன். ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"போட்டிருக்கலாம்."

"ஏன் போடல?"

"உங்கிட்ட கேக்கணுமேன்னு வயித்தெரிச்சல்" என்றேன். இனி மறைத்து என்ன? "எல்லாவனும் உன்னைத்தான் கேக்கான். நான் ஒருத்தி இருக்கதே எவனுக்கும் தெரியல. பொறாமைளா, போதுமா?"

அவள் சேலையைச் செருகிக்கொண்டு பாயை விரித்தாள். நடுவில் இருக்கிற இரட்டைத் துணியைப் பிரித்தெடுத்து முன்பக்கம் வைத்துத் தைத்தால் போதும் என்று பிளேடை எடுத்துக்கொண்டு குனிந்தாள். முதல் தையலைத் தேடினாள். கிடைக்கவில்லை. கண்ணைக் கிட்டே கொண்டுபோய்த் தேடினாள். விரல் நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அத்தனை காற்றிலும் மழையிலும் முன்பக்கம் நாராகக் கிழிந்திருக்கிறது. நடுவில் ஒரு நூல் அசையவில்லை. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரைக்கும் அந்தக் கோட்டோடு கையை ஓட்டிக்கொண்டே போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் ஓட்டினாள்.

"நீங்க அடுப்புல சோறு வைக்கப் போற நேரமெல்லாம் நான் இந்த மிஷின்ல உக்காந்து பாத்திருக்கேன்க்கா" என்றாள் திடீரென்று. "நாலு வருஷமாப் பாக்கேன். ஒரு கோடு நேரா வரமாட்டேங்குது எனக்கு. ஒரு சாண்கூட வரல. நீங்க அங்கன இங்கன வேடிக்கை பாத்துட்டே தைக்கீய, அது பாட்டுக்கு நேராப் போவுது!"

பிளேடைத் தரையில் வீசினாள். "நீங்களே பிரிங்க. எனக்கு இதைப் பாக்கப் பாக்க எரியுது."

முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது என்னைத் தேற்றுவதற்காகப் பேசின குரல் இல்லை. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருஷமாக அது என் தொண்டையில்தான் இருந்தது.

அன்று மத்தியானம் நான் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.